குடோன் நிழலுக்கு ஒரு கொக்கி

குடோனின் நிழல் அந்தத் தெருவில் விழுந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. கட்டி முடித்த புதிதில் எல்லா நிழலையும் போல அதுவும் ஒழுங்காகத்தான் வந்து போய்க்கொண்டிருந்தது; காலையில் வரும், உச்சிப்பொழுதுக்குள் சுருண்டு சுவரடிக்குப் போய்விடும், தெருவில் துணி காயும். அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் வானம் மூடிக் கிடந்தது. எழுப்பிவிட வெயில் இல்லாததால் நிழல் படுத்த இடத்திலேயே ஊறிப்போனது. மேகம் விலகிய அன்று ஊர் முழுக்க வெயில் அடித்தது, அந்த ஒரு தெருவில் மட்டும் அடிக்கவில்லை. சூரியன் கிழக்கே நின்றாலும் மேற்கே சாய்ந்தாலும் நிழல் இம்மியும் நகரவில்லை. ஓரத்தைக் காலால் நெம்பிப் பார்த்தவர்கள், செருப்பின் அடித்தோல் தடிமன் இருக்கிறது, நனைந்த தார்ப்பாய் மாதிரி கனக்கிறது என்றார்கள்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் அங்கே ஒரு வாரம் குடியிருந்து பார்த்திருக்கலாம். தீப்பெட்டி நமுத்தது. வாசற்படிகளில் பாசி ஏறியது. பட்டப்பகலில் பல்பு எரிந்தது, அதுவும் பழுத்த இலையின் நிறத்தில். தபால்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தெருமுனை தாண்டியதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தார்கள். தெருக்காரர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். சாலையைப் பார்க்கிறவர்கள், நிழல் சாலைக் கணக்கில் வராது என்றார்கள்; கட்டடத்தைப் பார்க்கிறவர்கள், அது கட்டடமும் ஆகாது என்றார்கள்; மின்சாரக்காரர்கள், வெளிச்சம் கொடுப்பதுதான் தங்கள் வேலை, இருட்டை அள்ளுவது வேறு இலாகா என்றார்கள். குடோன் முதலாளி ஒருவர்தான் உட்காரவைத்துப் பேசினார். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், ஊரே வெந்து சாகிறது, உங்களுக்கு மட்டும் குளுகுளுவென்று கிடைத்திருக்கிறது, அனுபவியுங்கள் என்றார். வெயிலின் அருமையை நாங்கள் எங்கே போய்த் தெரிந்துகொள்வது என்று அவரைக் கேட்க அங்கே ஆளில்லை. கேட்கக்கூடியவள் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாள்.

தெருவில் அவளுக்கு டிகிரி என்று பெயர். அந்தத் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் என்பதால் அப்படி. பாதி மரியாதை, பாதி கிண்டல். போகப்போகக் கிண்டல் முக்கால் ஆனது. இயந்திரங்களைப் பற்றிப் படித்து நல்ல மார்க்கோடு வந்தாள். வேலை இருந்தது, அவளுக்குத்தான் இல்லை. போன இடத்தில் எல்லாம் நன்றாகக் கேள்வி கேட்பார்கள், நன்றாகப் பதில் சொல்வாள், கடைசியில் எந்தத் தெரு என்பார்கள். சொன்னதும், ஓ, அந்த நிழல் தெருவா என்று ஒரு சிரிப்பு. தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் என்பார்கள். அது ஒரு மூக்கில் அடங்குகிற அளவு கோபம் இல்லை. அப்பா சின்ன டிராக்டர் ஒன்றை வைத்துக்கொண்டு மணலும் செங்கல்லும் லோடு அடித்தார். அக்கா வீட்டு முன்னறையில் வெல்டிங் பட்டறை போட்டிருந்தாள். தங்கச்சி படிக்கட்டும் என்று எட்டாவதோடு நின்று ஹோல்டரைப் பிடித்தவள் அவள். அதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் டிகிரிக்கு அதிகமாக வலித்தது. இன்னொன்றும் உண்டு. அந்தக் குடோன் கூரையின் இரும்புச் சட்டங்களில் பாதிக்கு மேல் வெல்டிங் வைத்தது இதே அக்காதான். அஸ்திவாரத்துக்குக் கல் அடித்தது அப்பாவின் டிராக்டர்தான். தெருவில் பாதிப் பேர் அங்கே கலவைச் சட்டி சுமந்தவர்கள். நிழலை அவர்கள் கையாலேயே கட்டிக்கொண்டு வந்து தலையில் போட்டுக்கொண்டார்கள் என்று டிகிரி ஒருமுறை சொல்லிவிட்டு, வீட்டில் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அம்மா மங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தது யார் என்பதில் வீட்டில் இன்றைக்கும் ஒத்த பேச்சு இல்லை. அம்மா குடோனுக்குச் சாக்கு தைத்தாள். கிழிந்த சாக்குகள் கட்டுக் கட்டாக வீட்டுக்கு வரும்; நாள் முழுக்க வாசற்படியில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்துத் தைத்து அடுக்குவாள். வீட்டில் மற்றவர்கள் வெளியே போய் வருகிறவர்கள், அக்காவுக்குப் பட்டறையில் நெருப்பு வெளிச்சமாவது உண்டு. அம்மாதான் நிழலில் முழுசாக இருந்தாள். முதலில் கைரேகை அழிந்தது. அப்புறம் புடவையின் பூக்கள் தெரிந்தன, புடவைக்குள் இருந்த ஆள் சரியாகத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் சாயங்காலமானால், வாசற்படியில் கோணி ஊசி மட்டும் தானாக ஏறி இறங்குவதை வழிப்போக்கர்கள் பார்த்தார்கள். அப்பா சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது இரண்டு முறை குறி தப்பியது. அம்மா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இந்த வீட்டுல என்னை என்னைக்கு யாரு நிமிந்து பாத்தீங்க, இன்னைக்குப் புதுசா காணோம்னு தேடறதுக்கு?" என்று இருட்டுக்குள் இருந்து ஒரு சிரிப்போடு கேட்டாள்.

அவளைக் கண்டுபிடிக்க ஒரு வழி மட்டும் இருந்தது. அக்கா வெல்டிங் ராடைத் தட்டி நெருப்பு பற்ற வைத்து, முகமூடியின் கருப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அம்மா இருக்கிற இடத்தில் அச்சுப் பிசகாமல் அம்மா தெரிந்தாள். அதனால் கடைக்குப் போகும்போதோ, மாத்திரை கொடுக்கும்போதோ, பட்டறையைப் பார்த்து, அம்மா எங்கக்கா என்று ஒரு குரல் போகும். அக்கா வேலையை நிறுத்தாமல், அடுப்பு பக்கத்துல, சுவத்துல சாஞ்சு நிக்குது என்பாள். இது அந்த வீட்டில் மணி கேட்பதுபோல் ஆகிவிட்டது.

டாக்டர் தொட்டுப் பார்த்துத்தான் வைத்தியம் செய்ய முடிந்தது. நோய் ஒன்றும் இல்லை, வெயிலில் உட்காரவையுங்கள் என்றார். அடுத்த தெருவில் வெயில் தாராளமாக இருந்தது. டிகிரி அம்மாவைக் கைப்பிடித்து அங்கே ஒரு மதிலோரம் உட்காரவைத்தாள். அரை நாள் வெயிலில் அம்மாவின் மூக்கும் ஒரு பக்கக் கன்னமும் திரும்பி வந்தன. மறுநாள் போனபோது அந்த வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து, உங்க தெரு வெயிலை எங்கம்மா தொலைச்சீங்க, இங்க வந்து உக்காந்தா உங்க இருட்டு எங்க செவுத்துல ஒட்டிக்காதா என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. அம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். டிகிரி பேச வாயெடுத்தபோது, கன்னம் மட்டும் இருந்த அந்த முகம், வா போலாம் என்றது. அன்றைக்கு நடந்தது டிகிரிக்குள் வெந்துகொண்டே இருந்தது. நிழல் போகாவிட்டால் அம்மா போய்விடுவாள் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அதைச் சொல்ல டிகிரி எதற்கு என்று எல்லாருக்கும் தோன்றினாலும், அதுவரை சொன்னவர் யாரும் இல்லை.

அப்பா அந்த வாரமே டிராக்டரைக் கிளப்பினார். அங்கேதான் அந்தத் தெருவுக்கே உரிய ஒரு தப்பு காத்துக்கொண்டிருந்தது. தெரு குறுகல். வண்டி திரும்பும்போது பின்னால் தாழ நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பி வீட்டு வாசற்படிகளில் இடிக்கிறது, பிள்ளைகள் முழங்காலில் அடிபடுகிறது என்று, அங்கே டிராக்டர் வாங்குகிற எல்லாரும் முதல் வேலையாக அந்தக் கம்பியை அறுத்துவிடுவார்கள். பாரம் இழுக்க வேண்டுமென்றால் இருக்கைக்குக் கீழே, மேலே உள்ள ஓட்டையில் சங்கிலியை மாட்டுவார்கள். மணல் வண்டிக்கு அது போதும். நிழலுக்குப் போதவில்லை. அப்பா நிழலின் ஒரு மூலையைக் கடப்பாரையால் நெம்பிச் சங்கிலியைச் சுற்றி, மேல் ஓட்டையில் மாட்டி, முதல் கியரில் விட்டார். தரையோடு கிடக்கிற பாரத்தை உயரத்தில் கட்டி இழுத்தால் வண்டி என்ன செய்யும்? முன்சக்கரம் இரண்டையும் கும்பிடுவதுபோல் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கவிழ்ந்தது. அப்பா குதித்துவிட்டார், இடது கால் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது. நிழல் அசையவில்லை. கட்டோடு வீட்டில் கிடந்த அப்பா, நாப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கறேன், ஒரு இருட்டு என்னைக் கவுத்துப்புட்டுச்சே என்று கூரையைப் பார்த்துச் சொன்னார்.

டிகிரி உட்கார்ந்து படம் போட்டாள். பின் அச்சுக்குக் கீழே, வண்டியின் வயிற்றோடு இரண்டு பக்கமும் கட்டைவிரல் தடிமனில் தகடு. அதிலிருந்து தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பின்னால் நீளும் பலமான கம்பி. வளையாமல் இருக்க முக்கோண முட்டுத் தகடுகள். லாரி அச்சின் துண்டு ஒன்று பூட்டாணி. ஆணியை உருவினால் கம்பி கழன்றுவிடும், ஆகவே யார் முழங்காலும் உடையாது. கம்பியின் நுனியில் கதவு அகலத்துக்கு இரண்டு தகடுகள், வரிசையாகப் போல்ட்டு வைத்து, நிழலின் ஓரத்தைக் கடித்துப் பிடிக்கிற தாடை. கடிக்க ஓரம் தூக்கிக் கொடுக்க வேண்டுமே என்று டிகிரி சொன்னதற்கு அக்கா ஹோல்டரை எடுத்து வெளியே வந்து, நிழலின் விளிம்புப் பக்கத்தில் ஒரு பழைய இரும்பில் நெருப்பைத் தட்டிக் காட்டினாள். அந்த வெள்ளை வெளிச்சம் பட்டதும் விளிம்பு, சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டு மேலே எழுந்தது. பல வருஷமாகப் பட்டறை வாசலில் அப்படித்தான் சுருள்கிறதாம். ஏன் சொல்லவில்லை என்று டிகிரி கத்தினாள். யாரு கேட்டீங்க என்றாள் அக்கா.

கம்பிக்குத் தேவையான இரும்பு எங்கே என்பதில் சண்டை வந்தது. பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டைகள் கிடந்தன. எவ்வளவு மிதித்தாலும் வளையாத இரும்பு, அதையே வைத்து அடிக்கலாம் என்றாள் அக்கா. அதற்கு முந்தின நாள்தான் முட்டுத் தகட்டின் கோணத்தைப் பற்றி டிகிரி ஏதோ திருத்தப்போக, "புஸ்தகத்தை எடுத்துட்டுப் போய் நிழல் மேல போடு, அதுவே எந்திரிச்சுப் போயிரும்" என்று அக்கா தெருவே கேட்கச் சொல்லியிருந்தாள். ஆகவே ஸ்பிரிங் பட்டையை முன்கூட்டிச் சூடுபடுத்தாமல் பச்சையாக வெல்டிங் வைத்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி வெடிக்கும் என்று தெரிந்தும் டிகிரி வாயைத் திறக்கவில்லை. ரோஷம். கொக்கி பார்க்க லட்சணமாக வந்தது. கவிழ்ந்த டிராக்டரை நிமிர்த்திச் சரிசெய்து அதில் மாட்டினார்கள், தாடையைக் கடிக்கவிட்டு இறுக்கினார்கள், டிகிரியே ஏறி உட்கார்ந்து இழுத்தாள். நிழல் ஒரு முழம் நகர்ந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. படீரென்று கம்பி முறிந்து பறந்து, பொதுக் குழாயின் கழுத்தை ஒடித்துக்கொண்டு போய் விழுந்தது. நிழல் அந்த ஒரு முழத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் பாதி தைத்த சாக்கும், நூல் கோத்த கோணி ஊசியும் கிடந்தன. ஊசி அசையவில்லை. அம்மா என்று கூப்பிட்டதற்கு, இருக்கேன் இருக்கேன் என்று குரல் வந்தது. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினால் ஈரச் சில்லிப்புதான் கிடைத்தது. அக்கா நெருப்பைத் தட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வாசற்படியில் உட்காந்திருக்கு என்றாள். அப்புறம் முகமூடியைக் கழற்றாமலே நின்றாள்.

இரண்டு பேரும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. முறிந்த கம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டிகிரி கடைசியில் சொன்னாள்:

"எனக்குத் தெரியும்க்கா. உடையும்னு தெரியும். சொல்லல."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"எனக்கும் தெரியும்டி. ஆறும்போதே சத்தம் வேற மாதிரி வந்துச்சு, டிக்கு டிக்குன்னு. உன்கிட்ட வந்து தப்புன்னு சொல்லணுமேன்னு நானும்தான் வாயை மூடிட்டு இருந்தேன்."

"நல்ல குடும்பம்" என்றது வாசற்படி.

அக்காவின் வேலைமேசை, குடோன் கூரைக்கு வாங்கி மிச்சப்பட்ட இரும்புச் சட்டம். கூலியில் பாதிக்குப் பதிலாக அதைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள், தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதை அறுத்தாள். அது இல்லாமல் தரையில் குந்திக்கொண்டே மிச்ச வேலையைச் செய்தாள். டிகிரி அளவு போட்டுக் கொடுத்தாள், தகட்டைப் பிடித்துக்கொண்டாள், துருவையும் எண்ணெயையும் இரும்பு பளபளவென்று வரும்வரை கிரைண்டரில் தேய்த்தாள். தெரிந்ததை எல்லாம் இருவரும் வாய்விட்டுச் சொன்னார்கள். அதனால் பட்டறையில் ஓயாத சண்டை, ஆனால் ஒவ்வொரு ஒட்டும் பட்டுநூல் தையல் மாதிரி விழுந்தது. முன்சக்கரம் தூக்காமல் இருக்க முன்னால் பாரம் கட்ட வேண்டும் என்று டிகிரி சொன்னதும் தெருக்காரர்கள் ஆளுக்கொரு கனமான பொருள் கொண்டுவந்தார்கள்: ஓடாத தையல் மெஷின், இரும்புப் பெட்டி, அம்மிக்கல், உறைந்துபோன சிமெண்ட் மூட்டை ஒன்று, யாரோ தாத்தா வைத்திருந்த கல் உருளை. எல்லாவற்றையும் வண்டி மூக்கில் கயிறு போட்டுக் கட்டினார்கள். வீடு மாறிப் போகிற குடும்பம் மாதிரி இருந்தது டிராக்டர்.

ஒரு விஷயம் மட்டும் யாரும் பேசாமல் கிடந்தது. அம்மா இப்போது நிழலில் உட்கார்ந்திருக்கிறாளா, நிழலே ஆகிவிட்டாளா? நிழலை இழுத்தால் அம்மா வாசற்படியிலேயே இருப்பாளா, கூடவே போய்விடுவாளா? படித்ததில் இதற்குப் பதில் இல்லை. டிகிரி வாசற்படியில் போய் உட்கார்ந்து அம்மாவிடமே கேட்டாள். 

"இழுங்க. இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம கெடக்கறதுக்கு, எங்கயாச்சும் ஒரு எடத்துல இருந்துட்டுப் போறேன்."

ஒரு வெயில் நாளின் முற்பகலில் இழுத்தார்கள். அக்கா விளிம்பைச் சுருளவைத்தாள், தாடை கடித்தது, போல்ட்டுகளை முறுக்கினார்கள். அப்பா கம்பு ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்து வழி சொன்னார். வழி ஒன்றுதான் இருந்தது, இருந்தாலும் சொன்னார். டிகிரி கிளட்சை விட்டாள். தையல் மெஷினும் அம்மிக்கல்லும் ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கின, முன்சக்கரம் மண்ணைக் கவ்வியது, கம்பி முனகியது, முறியவில்லை. தரையோடு ஒட்டிய பழைய லினோலியம் விரிப்பைப் பிய்க்கிற சத்தத்தோடு நிழல் தெருவை விட்டு எழுந்தது. வீடு வீடாக வெயில் உள்ளே ஏறியது. சிலர் கண்ணை மூடிக்கொண்டு அழுதார்கள், கூச்சத்தாலா வேறெதனாலா என்று அவர்களுக்கே தெரியாது. நிழலுக்கு அடியில், அது படுத்த வருஷத்துப் பொருள்கள் இருந்தன: ஒற்றைச் செருப்பு, கரண்டி, ஒரு கோலிக்குண்டு. அந்த வருஷத்து வெயிலும் கொஞ்சம் நசுங்கிப்போய், மஞ்சளாக, தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் வாசற்படியைத் தாண்டி நிழல் உரிந்தபோது எல்லாரும் அங்கேதான் பார்த்தார்கள். படி காலியாக இருந்தது. பாதி தைத்த சாக்கின் மேல் வெயில் அடித்தது. டிகிரி திரும்பிப் பார்த்தாள், ஆனால் பாரம் ஏறிய வண்டியை நடுவில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பின்னால் நிழலோடு நிழலாக, பாத்து, பாத்துப் போ என்று அம்மாவின் குரல் இழுபட்டுக்கொண்டே வந்தது.

தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினால் குடோன். இடப்பக்கம் திரும்பினால் அந்த அடுத்த தெரு. எல்லாரும் குடோனுக்குத்தான் போவதாகப் பேச்சு. டிகிரி ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். அப்பா கம்பைத் தூக்கிக் கத்தினார், அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். அங்கே கதவுகள் திறந்தன. அன்றைக்குப் பேசிய வீட்டுக்காரம்மா பாய்ந்து வந்து கொடியில் கிடந்த துணிகளை வாரினாள். வாரியதில் பாதி கீழே விழுந்தது. அந்தப் பதற்றத்தைப் பார்க்க டிகிரிக்கு எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு வண்டி நீளம் போனால் போதும். அந்த மதிலின் மேலேயே போட்டுவிட்டு ஆணியை உருவிவிடலாம். அப்போது பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்து, சலித்துப்போன குரலில் அம்மா கேட்டாள்:

"என்னையும் சேத்தாடி அங்க போட்டுட்டு வரப்போற?"

டிகிரி வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். கீழே இறங்கினாள். அக்கா வெல்டிங் பெட்டியை நான்கு பேர் கையில் தூக்கவைத்துக்கொண்டு ஓடி வந்திருந்தாள். முனைக்கடையில் இருந்து ஒயர் இழுத்து, உடைந்த பழைய கம்பியைத் தரையில் போட்டு, அதன்மேல் ராடைத் தட்டினாள். வெள்ளை நெருப்பு எழுந்தது. கண்ணாடி வழியாக நிழலை முழம் முழமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்னும் தள்ளி. இல்லை, அது யாரோ தொலைத்த குடை. இன்னும் இடப்பக்கம். "இங்கதான். குப்புறப் படுத்திருக்கு. கை உன் காலுக்குக் கிட்டத்தான் இருக்கு, குனி." டிகிரி முழங்கை வரைக்கும் நிழலுக்குள் கையை விட்டாள். குளிர்ந்த சேற்றில் துழாவுவதுபோல் இருந்தது. ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய ஒரு விரல்நுனி அகப்பட்டது. அந்த விரலை அவள் எங்கேயும் அடையாளம் சொல்லியிருப்பாள். இழுத்தாள். அக்கா ராடு தீரத்தீர மாற்றிக்கொண்டே இருந்தாள், நெருப்பை அணையவிடவில்லை. முதலில் கை வந்தது, அப்புறம் முழங்கை, வளையல், தோள், நிழல் சொட்டச் சொட்டத் தலை. இடுப்பு வரை வந்து நின்றுவிட்டது. அப்பா கம்பைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்து பிடித்தார். துணி கிழிகிற சத்தம் கேட்டது, அம்மா முழுசாக வெளியே வந்து இரண்டு பேர் மேலும் விழுந்தாள். கிழிந்தது என்ன என்று யாரும் அப்போது பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துணியை வாரி மார்போடு அணைத்தபடி நின்ற வீட்டுக்காரம்மா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து மதில்மேல் வைத்தாள். டிகிரி அதைத் தொடவில்லை. அம்மா குடித்தாள்.

குடோன் கேட்டின் கீல்களை வைத்ததும் அக்காதான். எந்தப் பக்கம் தூக்கினால் கழலும் என்று தெரிந்தவள், தூக்கிக் கழற்றினாள். தெருவே சேர்ந்து தள்ளித் திருப்பிக் கிளப்பிக் கொடுத்த வண்டியை டிகிரி குடோனுக்குள்ளே ஓட்டி, இந்தக் கதவு வழியாக நுழைந்து அந்தக் கதவு வழியாக வெளியே வந்து, நிழல் முழுக்க உள்ளே அடங்கியதும் பூட்டாணியை உருவினாள். முதலாளி செருப்பில்லாமல் ஓடி வந்து, என்ன இது, என்ன இது என்றார். அப்பா அவரை நின்று நிதானமாகப் பார்த்தார்.

"உங்க பொருள்தான் முதலாளி. ரொம்ப நாளா எங்க தெருவுல மறந்து விட்டுட்டுப் போயிட்டீங்க."

முதலாளிக்கு அதில் நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை, வருகிற வர்க்கம் இல்லை அது. குடோனுக்குள் எத்தனை பல்பு போட்டாலும் எரியவில்லை என்றதும், வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற சரக்குகளாகப் பார்த்து வாங்கி அடுக்கினார். வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. குடோனுக்கு அதற்குப் பிறகு வெளியே நிழல் விழுந்ததில்லை. டிகிரிக்கு வேலை கொடுக்க இரண்டு மூன்று இடங்களில் இருந்து ஆள் வந்தார்கள், அவள் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினாள். அந்தக் கொக்கி பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறது; வேண்டும்போது எடுத்து ஆணியைப் பூட்டுவார்கள். கவிழ்ந்த பஸ்ஸை இழுத்திருக்கிறார்கள், வாசல் தப்பான பக்கம் திரும்பிவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தை நேராக்கியிருக்கிறார்கள், எங்கோ ஒரு ஊரில் நகராமல் நின்றுபோன ஒரு மத்தியானத்தைத் தள்ளிவிட்டு வந்திருக்கிறார்கள். பட்டறை வாசல் பலகையில் இரண்டு பேர் பெயர் இருக்கிறது. அக்கா பெயர் முதலில். அதற்கும் ஒரு சண்டை நடந்தது.

கிழிந்தது அம்மாவின் நிழல். அது பெரிய நிழலோடு குடோனுக்குள் போய்விட்டது. ஒருமுறை அக்கா முகமூடியைப் போட்டுக்கொண்டு தேடிப்போய், சரக்குகளுக்கு நடுவில் எது எது என்று பிரிக்க முடியாமல் திரும்பினாள். போனாப் போகுது, அதை வச்சு நான் என்ன பண்ணேன் இத்தனை நாள் என்றாள் அம்மா. குடோனுக்குச் சாக்கு தைப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் சாப்பிட்டதும் வாசற்படியில் வந்து வெயிலில் உட்கார்ந்துகொள்கிறாள். வெயில் அவள்மேல் பட்டு, அவளைத் தாண்டி அப்படியே பின்பக்கம் விழுகிறது, அவளுக்குப் பின்னால் இருக்கிற இடத்திலும் குறையில்லாமல், சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே அடிக்கிறது. அதனால் அந்தத் தெருவில் சீக்கிரம் காய வேண்டிய துணி ஏதாவது இருந்தால், அம்மாவுக்குப் பின்னால் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த தெருவில் இருந்தும் வருகிறார்கள். கொஞ்சம் நகந்து உக்காருங்கம்மா என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை, அதற்குத் தேவையும் இல்லை.